பதினெட்டில் அழித்த ஒன்று

1

கடைக்கு ஒரு வயதாகிவிட்டது. அதை எனக்கு நினைவுபடுத்தியது மனைவியும் இல்லை, மகளும் இல்லை. வேலை அலுவலகத்தின் கடிதம். ஜேர்மனியில் எங்கள் விசேஷ நாட்களை எங்களைவிட அலுவலகங்கள்தான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கின்றன. வியாபாரத் திட்டத்தில் எழுதியபடி முதல் வருடம் நடந்ததா, நடக்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டுமாம். நான்கு தரம் வாசித்தேன். நான்கு தரமும் அதே சொற்கள்தான் இருந்தன. ஆனாலும் எங்கேயோ ஒரு பொடி எழுத்தில் கடையை மூடச் சொல்லியிருக்கிறார்களோ என்று கடிதத்தின் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நான் அப்படித்தான். கடைக் கதவின் மணி அடித்தால், யாரோ காற்சட்டையைத் திருப்பிக்கொண்டு சண்டைக்கு வருகிறார் என்றுதான் முதலில் நினைப்பேன். வந்தவர் சிரித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

என்னுடையது உடுப்புத் திருத்தும் கடை. நீளமான காற்சட்டையைக் கட்டையாக்குவது, அறுந்த சிப்பை மாற்றுவது, உடம்பு பெருத்தவர்களுக்கு இடுப்பைத் தளர்த்துவது. ஒரு கண்ணாடி யன்னல், இரண்டு தையல் மெசின், உடுப்புப் போட்டுப் பார்க்கத் திரை தொங்கும் ஒரு மூலை. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஊரில் என்னை ‘ஜேர்மனியில் பெரிய முதலாளி’ என்கிறார்களாம். போனமாதம் தொலைபேசியில் மச்சான் சொன்னார். கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. நான் முதலாளியான கதையில் தலைகுனிந்து இருந்த ஓர் இடம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு அந்தப் பட்டத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

2

இந்தக் கடையில் நான் பத்தொன்பது வருடம் சம்பளத்துக்குத் தைத்தவன். கடை ஒரு கிரேக்கக்காரருடையது. கண் பார்வை மங்கியதும் அவர் மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு வேலை இல்லை என்றாகியது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர், கடையை நான் எடுத்து நடத்துவதென்றால் அந்த மாதம் முடிவதற்குள் சொல்லவேண்டும் என்றார். எடுப்பதென்றால் முதல் மாதங்களுக்கு வேலை அலுவலகத்தின் உதவி வேண்டும். உதவி வேண்டுமென்றால் வியாபாரத் திட்டம் ஒன்று எழுதி, சிறுதொழில் ஆலோசகர் ஒருவரிடம் காட்டி, ‘இது நடக்கக்கூடிய காரியம்’ என்று அவருடைய கையொப்பம் வாங்கவேண்டும். கையொப்பம் இல்லையென்றால் உதவி இல்லை. உதவி இல்லையென்றால் கடை இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருபத்தாறு பக்கத் திட்டத்தை எந்தப் பக்கம் பிடித்துத் தொடங்குவது? மகள் தர்சினிதான் எழுதினாள். அப்போது அவள் வரிக்கணக்கு அலுவலகம் ஒன்றில் தொழில் பழகும் கடைசி வருடத்தில் இருந்தாள். தனக்குரிய லீவில் ஆறு நாள் எடுத்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு என்னை விசாரித்தாள். அகதி மனு கொடுத்தபோதுகூட என்னை இப்படி ஒருவரும் விசாரிக்கவில்லை.

“அப்பா, உங்கட பலம் என்ன?”

“என்ன பலம் புள்ள, இந்த வயசில.”

“தொழில்ல. அத எழுத ஒரு பக்கம் இரிக்கு.”

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: “கோவம் வராதெண்டு போடு. வந்தாலும் அடுத்த கிழமதான் வரும்.”

“சரி. பலவீனம்?”

“அதுக்கு எத்தின பக்கம் விட்டிரிக்காங்க?” என்றாள் மனைவி.

தர்சினி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு படிப்பு என்ற இடம் வந்தது. “எட்டாம் வகுப்பு” என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் தட்டினாள். ஏன் தையலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றும் ஒரு கேள்வி இருந்தது. “விருப்பம் எண்டு போடு” என்றேன். அது உண்மையில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிரேக்கக்காரர் ஒவ்வோர் உடுப்புக்கும் ஒரு துண்டு எழுதி ஊசியில் குத்தி வைப்பார். அந்தத் துண்டுகளில் ஒரு வருடத்துக்குரியதை அவள் பெட்டியோடு கொண்டுவந்து வரவேற்பறைத் தரையெல்லாம் பரப்பினாள். மூன்று நாள் நாங்கள் சுவரோரமாகத்தான் நடந்தோம். மழைக்காலம், வெயில்காலம், பாடசாலை விடுமுறை என்று எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி, கடைசியில் நிமிர்ந்து சொன்னாள்:

“அப்பா, ஒரு நாளைக்குப் பதினெட்டு உடுப்பு வரும்.”

நான் எழுந்து யன்னலைச் சாத்தினேன்.

“சத்தமாச் சொல்லாத புள்ள.”

“ஏன்? பக்கத்து வீட்டாக்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“சொல்லாத எண்டா சொல்லாத.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அதைத் தட்டினாள். பதினெட்டு. திட்டத்தில் அது மூன்று இடங்களில் வந்தது.

3

சந்திப்பு ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. தர்சினி காலையில் குளித்துக்கொண்டிருந்தாள். வந்து அச்செடுப்பதற்காகக் கணினியைத் திறந்தபடியே வைத்திருந்தாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். பதினெட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்நியர் முன்னால், அலுவலகத்தில், இன்னும் திறக்காத கடைக்கு இத்தனை வரும் என்று எழுதிக் கொடுக்கப்போகிறோம். எனக்குக் கணினியில் ஒன்றும் தெரியாது. அழிக்கும் விசை எது என்று மட்டும் தெரியும். எட்டுக்கு முன்னால் நின்ற ஒன்றை அழித்தேன். பத்து உடுப்பு ஒரு விரலில் போனது. பக்கங்களை மெல்ல உருட்டி மற்ற இரண்டு இடங்களையும் தேடிப் பிடித்து அங்கேயும் அழித்தேன். மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. கீழே மாதக் கணக்கு, வருடக் கணக்கு என்று பெட்டி பெட்டியாக இருந்தன. அவை எனக்கு விளங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

தர்சினி வந்தாள். நான்கு தரம் சரிபார்த்த கணக்கை ஐந்தாம் தரம் பார்க்க அவள் என்னைப்போல் பயந்தவள் இல்லை. அச்செடுத்தாள், பைலில் கோத்தாள், “வாங்க அப்பா” என்றாள்.

4

ஏன் செய்தேன் என்று சொல்வதென்றால் ஊரில், கிரானுக்கு அங்கால் இருக்கும் ஒரு வயல்வட்டைக்குப் போகவேண்டும். என் தகப்பனார் அங்கே நிலபுலம் உள்ள ஒரு போடியாரின் வயலில் முல்லைக்காரன். விதைப்பிலிருந்து சூடு அடித்து நெல்லை ஏற்றும்வரை வேலைகளை நடத்தும் ஆள் அவர்தான். பள்ளிக்கூடத்தை விட்டபின் நானும் அவரோடு வயல்குடிசையான வாடியில் கிடந்து வேலை செய்தேன்.

எங்கள் பக்கத்தில் சூடு அடிக்கும் களமான களவெட்டிக்கு என்று தனிப்பேச்சு உண்டு. மற்ற இடத்தில் பேசுகிற சொற்களை அங்கே பேச ஒண்ணாது. குவிந்து கிடக்கும் நெல்லுக்குப் பொலி என்று பெயர். முடிந்தது, இல்லை, குறைந்தது என்ற வார்த்தைகள் வாயில் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்து முடிக்குமுன் இவ்வளவு வரும் என்று எவரும் சொல்லக்கூடாது. சொன்னால் பூதம் கேட்டுவிடும், பொலியை வாரிக்கொண்டு போய்விடும் என்பார்கள்.

எனக்குப் பதினைந்து வயது. நெல் குவிந்து கிடந்தது. வகுப்பில் கணக்கு எனக்கு நன்றாக வந்த பாடம். அந்தக் குவியலை நான்கு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, பெருமையாக, “அப்பா, நூற்றிருபது மூடை வரும்” என்றேன். வேலையாட்கள் அப்படியே நின்றார்கள். ஒருவன் கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தான். தகப்பனார் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் கிறுகிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னேரம் மழை பிடித்தது. அந்த மாதத்தில் பெய்யாத மழை. படங்கு போட்டு மூடியும் அடிப்பக்கம் முழுக்க நனைந்து, இரண்டு நாளில் முளை விட்டது. போடியார் வந்து பார்த்தார். ஆட்கள் ஏற்கனவே கதையை அவரிடம் கொண்டுபோயிருந்தார்கள். யார் என்பதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

“ஆர்ரா களவெட்டியில வாய் வச்ச?”

நான் வாயைத் திறக்குமுன் தகப்பனார் முன்னுக்குப் போனார்.

“நான்தான் போடியார். என்னையறியாம வந்திட்டு.”

“உனக்கென்ன பைத்தியமா? முப்பது வருசம் களம் பாத்தவனெல்லோ நீ?”

“ஓம் போடியார்.”

அத்தனை ஆட்கள் முன்னால் தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அடுத்த போகம் அந்த வயலுக்கு வேறு முல்லைக்காரன் வந்தான். என்னை ஏறாவூரில் ஒரு முஸ்லிம் காக்காவின் தையல்கடைக்கு அனுப்பினார்கள். பஸ் ஏறும்போது தகப்பனார் ஒன்றுதான் சொன்னார்: “தையலப் பழகு மனே. துணிக்குப் பூதம் வராது.” அந்த மழை நாளைப் பற்றி அதற்குப் பிறகு சாகும்வரை அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விருப்பத்தால் தையல் பழகினேன் என்று திட்டத்தில் எழுதிய இடத்தின் உண்மை இதுதான்.

பூதம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் மழை பெய்தது.

5

ஆலோசகர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. தடித்த கண்ணாடி, யன்னலோரம் இரண்டு பூச்சட்டி. எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். என் ஜேர்மன் மொழியைப் பாராட்டினார். நான் அப்போது ‘நன்றி’ மட்டும்தான் சொல்லியிருந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, நல்லது, நல்லது என்றார். பிறகு ஓரிடத்தில் நின்றார். கணக்கிடும் கருவியை எடுத்துத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

“இங்கே ஒரு நாளைக்கு எட்டு உடுப்பு என்று இருக்கிறது. ஆனால் மாத வருமானம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே? எட்டு உடுப்பில் வாடகைகூடத் தேறாது. இந்தக் கணக்கை யார் போட்டது?”

தர்சினி குனிந்து பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். எட்டு. இன்னொரு பக்கம். அங்கேயும் எட்டு. மூன்றாவது இடத்தையும் பார்த்தாள். தட்டச்சுப் பிழை ஒருதரம் வரும், மூன்றுதரம் வராது. அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் பூச்சட்டியைப் பார்த்தேன்.

எனக்கு அந்த இடத்தில் சொல்லத் தெரியாமல் இல்லை. ‘நான்’ என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் ஜேர்மன் மொழியில் எனக்கு முதல் வாரத்திலேயே பாடம். ஆனால் நான் ஒரு செடியின் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“நான்தான் போட்டேன்” என்றாள் தர்சினி. “என் பிழை. மன்னிக்கவும்.”

“நீங்கள் வரிக்கணக்கு அலுவலகத்தில் பழகுகிறீர்கள், இல்லையா?” ஆலோசகரின் குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. “இப்படிப் பெருக்கலில் தவறினால் எப்படி? இது உங்கள் அப்பாவின் வாழ்க்கை. உங்கள் மேலதிகாரியிடமாவது ஒருமுறை காட்டியிருக்கலாமே.”

அவளுடைய காது இரண்டும் சிவந்துபோனது. “ஓம், காட்டியிருக்கலாம்” என்றாள்.

கையொப்பம் கிடைக்கவில்லை. திருத்திக்கொண்டு வாருங்கள் என்று இன்னொரு நாள் குறித்துத் தந்தார். கட்டடக்காரர் வைத்த தவணைக்கு அது இரண்டே நாள் முந்தியது.

ட்ராமில் எதிரெதிராக இருந்தோம். மூன்று தரிப்பு கடந்தது. பிறகு, “நீங்களா அப்பா?” என்றாள்.

“என்னது?” என்றேன்.

அவள் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். “என்ன, சைன் வச்சுத் தந்தாவா?”

“இல்லம்மா. நான் ஒரு கணக்குப் பிழ விட்டுட்டன்.”

“ஆறு நாள் லீவெடுத்துக் கிடந்து செஞ்சும் பிழ விட்டயா? படிச்ச பிள்ளையெண்டு நம்பித்தானே உன்னட்டத் தந்த. கடையும் இல்லாமப் போனா இந்த மனிசன் எங்க போற?”

அந்த மனிசன் அப்போது கைகழுவிவிட்டுச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மீன்குழம்பு. அன்று நான் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டேன் என்பதை எழுத இந்தக் கை கூசுகிறது.

6

தகப்பனாரின் நினைவு அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வந்தது. பழைய காற்சட்டை ஒன்றின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தத் துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கேட்டவுடன் ‘நான்’ என்று சொல்லத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை யாருக்கும் சொல்லாமல், சந்திப்பு எதுவும் எடுக்காமல், அந்த அலுவலகத்துக்குப் போனேன். சந்திப்பு எடுக்காமல் போவது இந்த நாட்டில் களவெடுக்கப் போவது மாதிரி. சொல்லவேண்டிய வசனத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டில் எழுதி, ட்ராம் முழுக்கப் பாடமாக்கினேன். முன்றலில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். ஆலோசகர் கதவைத் திறந்ததும் பாடமாக்கியது முழுவதும் மறந்துவிட்டது.

“என் மகள் சரி. நான் பிழை. நான் அழித்தேன்” என்றேன். இலக்கணமே இல்லை. ஆனால் விளங்கியது.

“ஏன்?”

பூதத்துக்கு ஜேர்மன் மொழியில் என்னவோ. “எங்கள் ஊரில் அறுவடை அளக்குமுன் எண்ணைச் சொல்லமாட்டோம். சொன்னால் கெட்டது நடக்கும். ஒருதரம் நடந்தது” என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் பேத்தி பிறக்குமுன் தொட்டில் வாங்கத் தன் தாய் விடவில்லை என்று சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

“இதை மகளிடம் சொன்னீர்களா?”

“அவளுக்குத் தெரியும்.”

“அதையா நான் கேட்டேன்?”

அவர் செவ்வாயன்று நாங்கள் விட்டுவந்த பைலை எடுத்து அந்த மூன்று பக்கங்களையும் என் முன்னால் விரித்தார். அழித்ததை நானே பேனாவால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு கடைசிப் பக்கத்தில் தன் கையொப்பத்தை வைத்தார்.

அந்தப் பைலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தர்சினி என்ன நடந்தது என்று கேட்டாள். “அவவே திருத்திப்போட்டு சைன் வச்சுத் தந்திட்டா” என்றேன். “நல்லம்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அந்தப் பைலை நான் கடை அலுமாரியில் நூல்பெட்டிகளுக்குக் கீழே போட்டேன்.

கடை திறந்தது. தர்சினி பழகி முடித்து, வேறு நகரத்தில் வேலை எடுத்துப் போய்விட்டாள். வேலை நல்ல வேலைதான். தூரத்துக்கு அதுதான் காரணம் என்று மனைவி சொல்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வருகிறாள். வந்தால் சப்பாத்தை விருந்தாளிபோல வாசலில் ஒழுங்காக ஓரமாக வைக்கிறாள். முன்பெல்லாம் அதில் தடுக்கித்தான் நான் விழுவேன்.

7

போன சனிக்கிழமை வந்தாள். அலுவலகக் கடிதத்தைக் காட்டினேன். “பழைய திட்டம் வேணும். எங்க வச்சீங்க?” என்றாள். கடைக்குப் போனோம். நான் வாடிக்கைக்காரர் ஒருவருக்குக் காற்சட்டை அளந்துகொண்டிருந்தேன். அதற்குள் அவளே நூல்பெட்டிகளைத் தூக்கி எடுத்துவிட்டாள். வாடிக்கைக்காரர் போனதும் திரும்பிப் பார்க்கிறேன், பைல் தையல் மேசையில் திறந்து கிடக்கிறது.

“இந்த ஒண்டு உங்கட எழுத்து” என்றாள்.

இந்த நாட்டில் ஒன்று என்ற இலக்கத்தை எழுதும்போது மேலே நீளமாக ஒரு மூக்கு இழுப்பார்கள். என்னுடையது ஊர் ஒன்று. நட்ட கம்பு மாதிரி நேரே நிற்கும். மூன்று கம்பு, பக்கத்தில் மூன்று கையொப்பம்.

“தனியாவா போனீங்க?”

“ஓம்.”

“அவவே திருத்தினாவெண்டு சொன்னீங்க.”

“ஓம். சொன்னன்.”

ஊசிக் குற்றியில் இருந்த ஊசிகளை எடுத்து எடுத்துத் திரும்பவும் குத்தினேன். இந்த இடத்தில் தப்பிக்க ஒரு பூச்சட்டியும் இல்லை.

“தர்சினி. அண்டைக்கு அந்தப் பிழ என்ட. உன்ட வாயால அதச் சொல்ல விட்டுட்டுப் பாத்துக்கொண்டு இருந்தன். அம்மா ஏசக்குள்ளயும் இருந்தன்.”

“ஓம்” என்றாள்.

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “ஏன் அப்பா?” என்றாள். களவெட்டியை, நூற்றிருபது மூடையை, மழையை, அவள் பார்த்திராத அப்பப்பா துவாயைக் கையில் எடுத்ததை முதல்தரம் அவளுக்குச் சொன்னேன். இடையில் ஒருவர் சட்டை எடுக்க வந்தார், கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.

கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “அப்பப்பா உங்களுக்காகச் சொன்னவர். நான் உங்களுக்காகச் சொன்னன். நடுவில நீங்க மட்டும் சும்மா இருந்திட்டீங்க.”

குரலில் பகிடி கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தான்.

பிறகு கணினியைத் திறந்து அலுவலகத்தின் படிவத்தை எடுத்தாள். முதலாவது கேள்வியே அதுதான்: இந்த வருடம் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை?

“துண்டெல்லாம் எண்ணி வச்சிரிக்கீங்கதானே?”

“வச்சிரிக்கன்.”

“குறைச்சுப் போடவா?”

“வேணாம்.”

“அப்ப சொல்லுங்க. சத்தமா.”

சொன்னேன். வெறுங்கடையில் அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. என்னையறியாமல் யன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பிறகு கணினியை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

“நீங்களே அடிங்க.”

ஒற்றை விரலால் முதலில் ஒன்றை அழுத்தினேன். அடுத்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். ஊரில் இருக்கிற நீங்களும் கேட்காதீர்கள்.